மேடு இல்லாத ஊரில் குத்புதீன்

காரைக் கீழ்த்தளத்திலேயே நிறுத்திவிட்டு, கார்கள் ஏறுவதற்காகப் போட்ட ராம்ப்பில் நடந்து ஏறிக்கொண்டிருக்கிறார் குத்புதீன். சுவரை ஒட்டி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. ஷாப்பிங் மாலுக்குப் பக்கத்தில் இருக்கும் பார்க்கிங் கட்டடம் இது. லிஃப்ட் இருக்கிறது, படிக்கட்டும் இருக்கிறது. அவருக்கு இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது ஒரு கார் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டு பிரேக் போடுகிறது. அவர் கையை உயர்த்தி ஒரு 'ஸாரி' சொல்லிவிட்டு மேலே போகிறார்.

முதல் தடவை செக்யூரிட்டிக்காரர் தன் குட்டி வண்டியில் வந்து வழிமறித்து, காரை எங்கே விட்டோம் என்று மறந்துபோய்விட்டதா என்று கேட்டாராம். "மலை ஏறிக்கொண்டிருக்கிறேன்" என்று டெக்சஸில் ஒரு செக்யூரிட்டியிடம் சொல்ல முடியாது. அதனால் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அந்த நல்ல மனிதர் இவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தளம் தளமாகக் காரைத் தேடியிருக்கிறார். "வாரா வாரம் காரைத் தொலைக்கிற ஒரே இந்தியன் நான்தான்க்கா. இப்பல்லாம் என்னைப் பாத்தா அவருக்கே பாவமா இருக்கு" என்று குத்புதீன் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஃபிரிஸ்கோவில் கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே உயரத்தில் கூரைகள், நடுவே ஒரு தண்ணீர் டாங்க், அப்புறம் வானம். ஏற வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் பார்க்கிங் கட்டடத்தைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

அவருக்கு நான் அடுத்த வீடு. பெயர் விசாலாக்ஷி. அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் 'அக்கா' என்பார். எங்கள் தெருவில் பகல் நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒரே ஆண் அவர்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் வேலை. டாலஸ் கிளையை மூடியபோது ஒரு லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் கையில் கொடுத்து, வீட்டிலிருந்தே செய் என்று அனுப்பிவிட்டார்கள். தெருவில் ஒருவரும் நம்பவில்லை. வேலை போய்விட்டது, பாவம், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார் என்றுதான் பேசிக்கொண்டோம். என் கணவர் பசுபதி அவரிடம் ரெஸ்யூமே கேட்டே விட்டார். தெரிந்த இடத்தில் சொல்கிறேன், மனதைத் தளரவிடாதீர்கள் என்று தைரியம் வேறு சொன்னார்.

சந்தேகம் தீர்ந்த பிறகு தெருவே அவரைப் பயன்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது. எல்லா வீட்டுக் கூரியர் பெட்டிகளும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் காத்திருக்கும். ஃப்ரீவேயில் பாதி தூரம் போன பிறகு யாராவது போன் செய்வார்கள்: "குத்புதீன், எங்க வீட்டு கராஜ் மூடியிருக்கான்னு கொஞ்சம் எட்டிப் பாக்கறீங்களா?" அவர் காதில் மாட்டிய ஹெட்செட்டோடு வெளியே வந்து எட்டிப் பார்ப்பார். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி. ஒருநாள் நான் கேலி செய்தபோது, "ஆபீஸ்னா சட்டை போடணும்க்கா. இடுப்புக்குக் கீழ நம்ம வீடு" என்றார்.

எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒரே பில்டர் ஒரே பிளானில் கட்டியவை. கண்ணைக் கட்டிவிட்டாலும் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போய்விடலாம். மாடியில் 'கேம் ரூம்' என்று ஓர் அறை உண்டு. சீட்டாட, பில்லியர்ட்ஸ் ஆட என்று பில்டர் யோசித்துப் போட்டது. நம் ஜனங்கள் அதில் துணி உலர்த்துவார்கள், ஊரிலிருந்து வந்த மாமனாரைப் படுக்கவைப்பார்கள். குத்புதீன் அதில் ஆபீஸ் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த வீடுகளில் ஒரு கோளாறும் உண்டு. கேம் ரூமில் பேசுவது ஏசி குழாய் வழியே இறங்கி வந்து கீழே கிச்சனில் கேட்கும். பசுபதி மேலே உட்கார்ந்து என் சமையலைப் பற்றித் தன் தம்பியிடம் சொன்னதையெல்லாம் நான் கீழே ரசம் தாளித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை. கிச்சனுக்கென்று ஒரு வசதி இருந்துவிட்டுப் போகட்டுமே.

குத்புதீனின் மனைவி மெஹர் நிஷா திருச்சிக்காரி. மைக்ரோபயாலஜி படித்து, அங்கே ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்த்தவள். இங்கே கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த விசா என்பதால் சம்பளத்துக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. தெருவில் யாருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடுவோம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாக, ஆசையாகப் படிப்பாள். "ஹீமோகுளோபின் கம்மியா இருக்குக்கா. கீரை சாப்பிடுங்கன்னு சொல்றதுக்கு நான் டாக்டர் இல்ல. ஆனா கீரை சாப்பிடுங்க" என்பாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசே வராது.

மகள் ரிதா முதல் வகுப்பு. தமிழில் கேட்டால் எல்லாம் புரியும், ஆங்கிலத்தில்தான் பதில் வரும்.

இந்த வருடம் ஏப்ரலில்தான் குத்புதீனின் மலையேற்றம் எனக்குத் தெரியவந்தது. மாலில் ஏதோ வாங்கிக்கொண்டு காரை எடுக்க மேல்தளத்துக்குப் போனேன். வெட்ட வெயிலில் ஓர் ஆள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெற்கே பார்த்து நின்றிருந்தார். முதுகைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. கீழே குதித்துவிடுவாரோ என்று பயந்துபோனேன். எங்கே பார்த்தாலும் வேலை போய்க்கொண்டிருந்த நேரம் அது. போட்டது போட்டபடி ஓடினேன். அவர் திரும்பினார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, முகம் மட்டும் கல்யாண வீட்டு முகம்.

"பயந்துட்டீங்களா அக்கா? கீழேர்ந்து நடந்தே ஏறினேன். மூச்சு வாங்குது பாருங்க!" ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"லிஃப்டுக்கு என்ன கேடு?"

"லிஃப்ட்ல வந்தா மூச்சு வாங்காதே" என்றார். பிறகு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். "போர்ச்சுகல்ல, லிஸ்பன்ல எங்க போனாலும் இப்படித்தான்க்கா மூச்சு வாங்கும். பால் வாங்கப் போனா மேடு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனா மேடு. பங்களாதேஷ்காரங்க ஒரு சந்துக்குள்ள தொழுகை எடம் வச்சிருக்காங்க, அங்க போய்ச் சேரதுக்குள்ள கை கால் கழுவி ஒளூ செஞ்ச ஈரம் காஞ்சு வேர்வை ஈரம் வந்துடும். ரோடெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் கல்லு, சர்க்கரைக் கட்டி சைஸ்ல. மழை பெஞ்சா வழுக்கும், பெய்யாட்டியும் வழுக்கும். அதுல கெழவிங்க ரெண்டு கையிலயும் காய்கறிப் பையைத் தூக்கிட்டு ஏறுவாங்க. பாதியில நிப்பாங்க. எதிர்ல எறங்கி வர்ற கெழவியும் நிப்பா. அப்புறம் அரை மணி நேரம் பேச்சு."

"அவங்களுக்கு வேற வேலை இல்ல."

"அப்படி இல்லக்கா. மேடு இருந்தாத்தான் மனுஷன் நடுவுல நிப்பான். நின்னாத்தான் பேசுவான். இங்க யாரு நிக்கறா? ஸ்டாப் சைன்லயே நிக்கறதில்ல."

மஞ்சள் நிற டிராம் ஒன்று சந்துகளுக்குள் நுழைந்து போகுமாம். வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பவர் டிராமுக்கு வழிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டு, அது போனதும் வெளியே வந்து, விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடருவாராம். மாடிக்கு மாடி கொடி கட்டித் துணி காயுமாம். அவர் குடியிருந்த அறைக்கு எதிர் ஜன்னல்காரி, இவர் துணியை எடுக்க மறந்தால் கையைத் தட்டிக் கூப்பிடுவாளாம். "மெட்ராஸ் மண்ணடியில பொறந்தவன், சந்து பொந்தைப் பாத்ததும் மயங்கிட்டான்னுதானே நெனைக்கறீங்க? அது இல்ல. மண்ணடி தட்டை. அங்க ஏறதுக்கு மாடிப்படிதான் உண்டு. இது வேற. எனக்கு யாரையும் தெரியாத ஊரு, எந்த ஞாபகமும் இல்லாத ஊரு. அப்புறம் ஏன் இப்படி இழுக்குதுன்னு எனக்கே தெரியல."

கையை நீட்டி எனக்குக் காட்டினார். எதிரே டோல்வேயில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. "நான் தங்கியிருந்த தெரு முடியற எடத்துல ஒரு திட்டு. ஏறி முடிச்சு நேரா பாத்தா ஒண்ணும் இருக்காது, ஒரு வீட்டுச் சுவர்தான். கொஞ்சம் இடது பக்கம் திரும்பணும். திரும்பினா ஆறு. கடலாட்டம் அகலம். சாயங்காலம் அதுல வெயில் படும் பாருங்க..." 'திரும்பினா' என்று சொல்லும்போது அவர் உடம்பும் திரும்பியிருந்தது.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏனென்றால் இதே லிஸ்பனைப் பற்றி அவர் பேசி நான் முன்பே கேட்டிருக்கிறேன். அவர் வீட்டில், பிரியாணித் தட்டுக்கு முன்னால், மெஹர் நிஷா பரிமாறிக்கொண்டிருக்கும்போது. "அதெல்லாம் ஒரு ஊரா? ஏறி எறங்கியே முட்டி போச்சு. மனுஷன் இருப்பானா அங்க?" என்றுதான் சொன்னார். மெஹர் நிஷா என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவர் லிஸ்பன் போன கதை எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டாயிரத்து ஏழு ஜூனில் கம்பெனி அவரை இரண்டு வார வேலையாக அங்கே அனுப்பியது. பாஸ்போர்ட்டில் இருந்த அமெரிக்க விசா காலாவதியாகியிருந்தது. திரும்ப நுழைய வேண்டுமென்றால் வெளியே எங்காவது புது முத்திரை வாங்கித்தான் வர வேண்டும். இங்கே எந்த வீட்டுக் கொலுவில் கேட்டாலும், எந்த இஃப்தார் விருந்தில் கேட்டாலும் சொல்வார்கள்: முத்திரைக்குச் சொந்த ஊருக்குப் போ, தெரியாத தேசத்தில் போய் மாட்டிக்கொள்ளாதே என்று. குத்புதீனும் நாலு பேருக்கு இதைச் சொன்னவர்தான். "போற எடத்துலயே முடிச்சிட்டு வந்துடலாமேன்னு நெனச்சிட்டேன்" என்றார். பெயரைச் சரிபார்க்க வேண்டும், காத்திருங்கள் என்று தூதரகத்திலிருந்து பதில் வந்தது. அந்த வருடங்களில் அவரைப் போன்ற பெயருள்ளவர்கள் எல்லாருக்கும் பழகிப்போன காத்திருப்பு அது. அவர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, லேப்டாப்பை விரித்து, வழக்கம்போல வேலை பார்த்தார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவனுக்கு எந்த வீடாக இருந்தால் என்ன?

ஆனால் அந்த ஜூலை சாதாரண ஜூலை இல்லை. கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காக வரிசையில் நிற்பவர்கள் நாங்கள். அந்தக் கோடையில் திடீரென்று எல்லாருக்கும் கதவு திறந்தது. இல்லை, மூடிவிட்டோம் என்றார்கள். பிறகு சரி, ஆகஸ்ட் நடுவரை திறந்திருக்கும் என்றார்கள். ஒரே நிபந்தனை, விண்ணப்பிக்கிறவர் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். ஃபிரிஸ்கோவும் பக்கத்து ஊர்களான ஆலனும் பிளேனோவும் அமளிதுமளிப்பட்டன. விண்ணப்பத்துக்கு வேண்டிய மெடிக்கல் பரிசோதனை செய்கிற டாக்டர் வாசலில் தியேட்டர் கூட்டம். ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ்கள் பறந்து வந்தன. நானும் பசுபதியும் டாக்டரிடம் போன நாளில் எங்கள் பையன் அனிருத்தை மெஹர் நிஷாதான் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் கூட்டிவரப் போனபோது சாதம் ஊட்டி, தலைவாரி வைத்திருந்தாள். "உள்ள என்னக்கா கேட்டாங்க? ஊசி போட்டாங்களா?" என்று விசாரித்தாள். போகாத ஊருக்கு வழி கேட்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

குத்புதீனுக்கு விசா வந்தது. கதவு மூடி ஒரு வாரம் கழித்து வந்தது. அந்தக் கதவு இன்றுவரை திறக்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு வேலை அனுமதி வந்து, பள்ளி நூலகத்தில் பாதிநேர வேலை பார்க்கிறேன். மெஹர் நிஷா இன்னும் எங்கள் ஹீமோகுளோபினைப் படித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் சாமர்த்தியமாக ஒன்றும் செய்துவிடவில்லை. அந்த நேரத்தில் இங்கே இருந்தோம், அவ்வளவுதான்.

அதனால்தான் பார்க்கிங் மாடியில் நின்று, "இதையெல்லாம் மெஹர்கிட்ட சொன்னதே இல்லையா நீங்க?" என்று கேட்டேன்.

அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "எப்படிக்கா சொல்றது? அவ இங்க தெனம் போன்ல அழுதா. எல்லாரும் மெடிக்கல் போறாங்க, எல்லாரும் ஃபைல் பண்றாங்க, நீங்க எப்ப வருவீங்கன்னு. நான் அந்தத் திட்டுல நின்னுக்கிட்டு, வருவேன் வருவேன்னு சொல்லிட்டு, போனை வச்சுட்டு அந்த ஆத்தைப் பாப்பேன். பாத்தா மனசு நெறஞ்சு போயிடும். வாழ்க்கையில அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல. அவ லைஃப் போச்சு, எனக்கு அங்க சந்தோஷம். இதைச் சொல்லச் சொல்றீங்களா?"

சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அதோடு விடவில்லை. லிஸ்பன் அலுவலகத்தில் மேலாளராக இருக்கும் பெண்மணி இவரை அங்கேயே குடும்பத்தோடு வந்துவிடச் சொல்கிறாராம். மே முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் இங்கே இத்தனை வருடம் நின்ற வரிசை வீண். மெஹர் நிஷா அந்த மொழியைப் படித்துக்கொண்டால் அங்கே லேபில் சேர வழியுண்டு என்கிறார்கள், ஆனால் அது முப்பத்தைந்து வயதில் அ, ஆ எழுதிப் பழகுகிற வேலை. "நானே ஆசைப்பட்டு அவளை இன்னொரு வாட்டி ஏமாத்தற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்குக்கா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளைக் கேக்காம நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டா, அதுதான் ஏமாத்தறது. வீட்டுக்குப் போய் முதல்ல வாயைத் தொறந்து பேசுங்க." தலையாட்டினார். நம்மவர்கள் தலையாட்டுவதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் அவரை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். கூட்டங்களில் தன்னை மியூட்டில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்குவார். காபியைப் பொம்மைக் கோப்பை போன்ற ஒரு சின்னக் கோப்பையில் நின்றபடியே குடிப்பார். கராஜ் பக்கக் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு வெள்ளைக் கல் வைத்திருக்கிறார், சர்க்கரைக் கட்டி வடிவத்தில், கொஞ்சம் பெரிசாக. தோட்டவேலைக்காரர்கள் விட்டுப்போனது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். மேடு பார்க்கலாம் என்று ஒருமுறை குடும்பத்தோடு ஆஸ்டின் பக்கம் போய்விட்டு வாடிய முகத்தோடு திரும்பினார். "மேடுதான்க்கா. ஆனா காருக்குப் போட்ட மேடு" என்றார்.

மே மாதம் பாதி கடந்த பின் ஒருநாள் காலை, பசுபதியின் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மெஹர் நிஷா வீட்டுக்குப் போனேன். அவள் கிச்சனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஏசி துவாரத்திலிருந்து குத்புதீனின் குரல் இறங்கி வந்தது. லிஸ்பன் அலுவலகத்தோடு ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் அந்த வீட்டில் நான் கேட்டறியாத குரல். சிரிப்பும் ஆவலுமாக இருந்தது. அந்த டிராம் பழுதாகி நின்றதே, சரியாகிவிட்டதா? எதிர்வீட்டு அம்மாவுக்கு உடம்பு தேவலையா? மரங்களில் பூ வந்துவிட்டதா? அப்புறம் குரல் தணிந்தது. பதில் சொல்ல இன்னும் சில நாள் கொடுங்கள், வீட்டில் இன்னும் கேட்கவில்லை.

நான் கத்தியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். அது நிற்கவில்லை.

"நீலப்பூ மரம்க்கா" என்றாள் மெஹர் நிஷா, நிமிராமல். "இப்பதான் அங்க சீசன்."

"உனக்கு... உங்கிட்ட சொல்லிட்டாரா?"

"அவர் எங்க சொல்றாரு? இந்த வென்ட்தான் சொல்லுது. ரெண்டு வருஷமா." வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் கையைக் கழுவினாள். "அந்தத் தெரு, அந்தப் பாட்டிங்க, அந்த ஆறு, எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கல்லுகூடத் தெரியும். தோட்டக்காரங்க விட்டுட்டுப் போனதாம். நான் லேப்ல இருந்தவ, எனக்கு டெக்சஸ் கல்லு தெரியாதா?"

"கோவம் இல்லையா உனக்கு?"

கையைத் துண்டில் துடைத்தாள். "இருந்துச்சு. மொதல்ல ரொம்ப இருந்துச்சு. நான் இங்க அழுதுட்டு இருக்கேன், இவருக்கு அங்க ஆறு கேக்குதான்னு. அப்புறம் அது போயிடுச்சு. ஒரு மனுஷன் எங்கயாவது ஒரு எடத்துல சந்தோஷமா இருந்தா அது தப்பா? இப்ப கோவம் என்னன்னா, மேல அவங்ககிட்ட பேசற குரலை அவர் கீழ கொண்டு வர்றதே இல்லக்கா. மேலேயே வச்சுட்டு எறங்கி வர்றாரு. எங்கிட்ட வந்து அந்த ஊரைத் திட்டறாரு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டுக்குக் கையை நீட்டினாள். "அவரா கேக்கட்டும்னு இருக்கேன். நாள்தான் போயிட்டே இருக்கு."

போவதா இருப்பதா, உன் விருப்பம் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் மாடியில் இருந்தார்.

மே மாதத்தின் கடைசி சனிக்கிழமை. பசுபதி அனிருத்தைக் கூட்டிக்கொண்டு காரோடு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டதால், மாலுக்குக் குத்புதீன் குடும்பத்தோடு அவர்கள் வண்டியிலேயே நானும் போனேன். ரிதாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும். பார்க்கிங் கட்டடத்துக்குள் நுழைந்ததும் குத்புதீன் வழக்கமான குடும்பத் தலைவராக மேல்தளம் நோக்கித் திருப்பினார். மால் வாசலுக்குப் பக்கம் அதுதான்.

"கீழயே போடுங்க" என்றாள் மெஹர் நிஷா.

"மேல போட்டா கிட்டக்க."

"பரவால்ல. கீழயே போடுங்க."

போட்டார். இறங்கினோம். நான் லிஃப்ட் பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் மெஹர் நிஷா ராம்ப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். சுவரை ஒட்டி, துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு. குத்புதீன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நீங்கள் சொல்லிவிட்டீர்களா என்று அந்தப் பார்வை கேட்டது. இல்லை என்று தலையாட்டினேன். அவர் விடுவிடுவென்று அவள் பின்னால் போனார்.

"வாப்பா, ஒய் ஆர் வீ வாக்கிங் வேர் த கார்ஸ் கோ?" என்றாள் ரிதா. வாப்பா அதற்குள் முதல் வளைவைத் தாண்டியிருந்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். என் முட்டியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டாவது வளைவில் செக்யூரிட்டியின் குட்டி வண்டி வந்தது. குத்புதீனைப் பார்த்து, இன்றைக்குக் குடும்பத்தையே கூட்டிவந்து தேடுகிறாயா என்பதுபோலச் சிரித்தார். "ஸ்டில் லுக்கிங்" என்று மெஹர் நிஷா அவருக்குப் பதில் சொல்லிவிட்டு நிற்காமல் ஏறினாள்.

மேல்தளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. அவள் நேராகக் கைப்பிடிச் சுவருக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்கள் ஏறி இறங்கின. குத்புதீன் இரண்டடி தள்ளி நின்றார், கோர்ட்டில் நிற்பவர்போல.

"அப்ப போன்ல உங்களுக்கு இப்படித்தான் மூச்சு வாங்கும்" என்றாள், அவர் பக்கம் பார்க்காமல். "என்னங்க, உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். ஜலதோஷம்னீங்க."

குத்புதீன் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"நம்ம வீட்டு கேம் ரூம்ல பேசறதெல்லாம் கிச்சன்ல கேக்கும், நீங்க இங்க வந்து ஏறறதுகூட. உங்களுக்கு மட்டும்தான் அது தெரியாது." இப்போது அவர் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்குமுன் கேட்பாளே, அந்த மாதிரி ஆசையாகக் கேட்டாள். "மத்தவங்களுக்குச் சொன்னதெல்லாம் போதும். எனக்குச் சொல்லுங்க. ஏறி வந்தாச்சு. ஆறு எந்தப் பக்கம்?"

டோல்வேயில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. கூரைகள், தண்ணீர் டாங்க், வானம். அவள் நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் முன்னால் மனைவியின் விரலைக்கூடத் தொடாத மனிதர் குத்புதீன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிட்டே போனார். பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் அவள் தோள்களைப் பிடித்து, மெதுவாக, கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார்.